புயலில் பட்ட காயம்

1

கடலூரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் மஞ்சக்குப்பத்தில் ஆரம்பித்த சேவைச் சங்கத்துக்கு வெள்ளி விழாவாம். மலர் போடுகிறார்களாம். முதல் தலைவரின் மனைவி என்ற முறையில் நானும் ஒரு கட்டுரை தர வேண்டுமாம், இரண்டு பக்கத்துக்கு மிகாமல். செயலாளர் இளைஞர் போலிருக்கிறது. விவரம் தெரியாமல் மரியாதையாக எழுதியிருக்கிறார். தலைப்பைக்கூட அவரே கொடுத்துவிட்டார். புயல் நிவாரணப் பணியின்போது தலைவருக்கு நெற்றியில் காயம்பட்ட நிகழ்ச்சியை, உடன் இருந்து பார்த்தவள் என்ற முறையில், நான் விவரிக்க வேண்டும். போன வருஷம் காலமான தலைவரின் படத்தை விழாவில் திறக்கப்போகிறார்கள். மகளைச் சிறப்பு விருந்தினராக அனுப்பிவைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

உடன் இருந்து பார்த்தவள்தான், சந்தேகமில்லை. அந்தக் காயத்துக்கு என்னைவிடப் பக்கத்தில் வேறு யாரும் இருக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் புயலும் இல்லை, தூறலும் இல்லை. சிதம்பரத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்தக் காயத்தைப் போட்டது நான்.

இதை மலரில் போடமாட்டார்கள். அதனால்தான் விழா முடிந்த பிறகு போடச் சொல்லிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். கடலூர்க்காரர்கள் கடையில் வாங்கிப் படித்துக்கொள்ளட்டும்.

2

வட இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில், வயதானவர்கள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. விடியுமுன் பஸ் ஏறி, வார்டுக்குப் போய், பல்செட்டைக் கழுவிக் கொடுத்து, டீ கொடுத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்து, செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புவேன். வேலை எனக்குக் கஷ்டமாகத் தெரிந்ததில்லை. ஒரே ஒரு சத்தம்தான் ஆகாது. பேப்பர் படித்து முடித்த கிழவர்கள் மூக்குக்கண்ணாடியைப் பெட்டியில் வைத்து டப்பென்று மூடுவார்கள். கையில் இருப்பது நழுவிவிடும். இதுவரை எத்தனை கோப்பை உடைத்தேனோ தெரியாது.

கடலூர் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு ஒரு பொருள் உண்டு. சங்கத் தலைவருக்குக் கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு பட்டை, அதன் நுனியில் பதக்கம். அதற்கென்று வெல்வெட் வைத்த ஒரு பெட்டி. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பதக்கத்தைக் கழற்றுவார், துணியால் துடைப்பார், பெட்டியில் வைத்து மூடுவார். மூடிய பிறகுதான் அடிப்பார். பதக்கத்தோடு என்னை ஒருநாளும் அடித்ததில்லை. சங்கத்தின் மேல் அவ்வளவு பக்தி.

இங்கே வந்த புதிதில், ஒரு அரசாங்க ஆபீஸில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெண் கேட்டாள், கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா, விதவையா, விவாகரத்து வாங்கினவளா என்று. நாலும் இல்லை என்றேன். ஏதாவது ஒன்றாக இருந்துதான் ஆகவேண்டும் என்றாள். புருஷன் இருக்கிறார், எனக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். என்னைத் திரும்பத் திரும்ப அலையவிட்டார்கள். கடைசியில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, பிரிந்து வாழ்பவர் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்படி ஒரு வகை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஊரில் அப்படி ஒருத்திக்கு வேறு பேர் வைத்திருந்தார்கள்.

மகள் மீனா இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எட்டு வயதில் வந்தவள். தமிழ் பாதி போய்விட்டது. மரியாதை மட்டும் மிச்சம் இருக்கிறது, பூனையைக்கூட வாங்க போங்க என்பாள். அப்பா முகம் அவளுக்கு நினைவில்லை. சிதம்பரத்திலிருந்து என் அண்ணன் மகன் எப்போதோ அனுப்பிய படம் ஒன்றைப் பர்ஸில் வைத்திருக்கிறாள். கழுத்தில் பதக்கம், இடது புருவத்துக்கு மேல் தழும்பு. புயலில் ஜனங்களைக் காப்பாற்றப் போய் ஓடு விழுந்த தழும்பு என்று அவன் இங்கிலீஷில் எழுதியதை நம்பி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதைக் கதையாகச் சொல்வாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பிள்ளைக்கு அப்பா என்று ஒரு ஆள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன்.

3

அவருக்குக் கடலூர் முதுநகரில் மல்லாட்டை எண்ணெய் மில், வேர்க்கடலையை அங்கே அப்படித்தான் சொல்வோம். நல்ல வருமானம், நல்ல உயரம், கணீரென்ற குரல். அவர் தயவில் கண் ஆபரேஷன் செய்துகொண்ட கிழவிகள் தேவனாம்பட்டினத்தில் இன்றைக்கும் இருப்பார்கள். முகாமில் அவர்களுக்குக் கஞ்சியைத் தன் கையால் ஊட்டிவிடுவார். அதுவும் பொய்யில்லை. அதே கைதான்.

மாதம் இரண்டு கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறப்பு விருந்தினர். மாலை, அறிமுகம், பேச்சு, நன்றியுரை, சாப்பாடு. தலைவர் மேசையில் ஒரு பித்தளை மணி இருக்கும். அதைத் தட்ட ஒரு மரச் சுத்தியல், கருங்காலியில் கடைந்தது, தேங்காய் உடைக்கலாம், அவ்வளவு கனம். உறுப்பினர்கள் நேரம் கடந்து பேசினால் மணியில் ஒரு தட்டு. அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். விருந்தினருக்கு மட்டும் மணி கிடையாது. அவர் எவ்வளவு நேரம் பேசினாலும், என்ன பேசினாலும், ஒருவரும் குறுக்கிடக் கூடாது என்று என் கணவர் விதியே எழுதிவைத்தார். விவசாய அதிகாரி ஒருவர் வேர்ப்புழுவைப் பற்றிப் பேசிப் பேசி, பூரி எல்லாம் தோலாகிப்போனது ஒருநாள். யாரும் அசையவில்லை.

அன்றைக்குப் பூரி ஆறியதற்கு வீட்டில் எனக்கு அடி விழுந்தது. எதற்குத்தான் விழவில்லை? விருந்தினரின் மனைவியிடம் நான் சிரித்தது போதவில்லை. விருந்தினரிடம் சிரித்தது ஜாஸ்தி. புடவை பளபளவென்று இருந்தது. இன்னொரு நாள் பளபளவென்று இல்லை. பெல்ட், செருப்பு, மில்லில் மூட்டை கட்டும் கயிறு. ரவிக்கையும் புடவையும் மறைக்கிற இடமாகப் பார்த்து அடிப்பார். அடுத்த கூட்டத்துக்கு நான் முன் வரிசையில் உட்கார வேண்டுமே.

4

சங்கத்தில் விளையாட்டாக அபராதம் போடுவார்கள். பேட்ஜ் குத்தாமல் வந்தால் ஒரு ரூபாய், தாமதமாக வந்தால் ஒரு ரூபாய். தகர உண்டியல் ஒன்று சுற்றி வரும். காசு கண் முகாமுக்குப் போகும். வருஷத்தில் ஒருநாள் குடும்ப விழா. அன்றைக்கு மனைவிமார் முறை. ஒவ்வொருத்தியாக எழுந்து மைக்கில் தன் வீட்டுக்காரர் மேல் ஒரு புகார் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள், புருஷன் எழுந்து ஒரு ரூபாய் போடுவான். புருஷனும் பதில் புகார் சொல்லலாம் என்பதால் மனைவிமாரும் ஆளுக்கொரு ரூபாய் கொண்டுவர வேண்டும்.

அந்த வருஷ விருந்தினர் ஓய்வுபெற்ற நீதிபதி. இல்லறத்தின் இனிமை பற்றி நிறைய நேரம் பேசினார். பிறகு புகார். ஒருத்தி குறட்டை என்றாள். ஒருத்தி சீட்டாட்டம் என்றாள். சினிமாவுக்குக் கூட்டிப்போவதில்லை என்றாள் டாக்டர் மனைவி. என் முறை வந்தது. முந்தின நாள் வாங்கிய அடியில் முதுகை நாற்காலியில் சாய்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பெரிய மனிதர்கள், ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், இவர்களுக்கு முன்னால் சொன்னால் ஒருவராவது கேட்கமாட்டார்களா என்று தோன்றியது. அன்றைக்கு விட்டால் வேறு மைக் எனக்குக் கிடைக்காது.

"எங்க வீட்டுக்காரரு என்னை அடிக்கிறாரு" என்றேன்.

மண்டபமே சிரித்தது. சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்து, நீதிபதி முன்னால் சாய்ந்து, சாட்சி உண்டா அம்மா என்று கேட்டார். மறுபடி சிரிப்பு. கணவர் எழுந்து எல்லோரையும் கும்பிட்டார். உண்டியலில் ஐந்து ரூபாய் நோட்டைப் போட்டு, "மிச்சத்த அட்வான்ஸா வெச்சுக்குங்க" என்றார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. வாழ்க்கையில் நான் கேட்ட மிகக் கேவலமான சத்தம் அதுதான்.

வீட்டில் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. எந்தக் கையில் மைக்கைப் பிடித்தாய் என்று கேட்டார். அவருக்குத் தெரியும். வலது கையைப் பிடித்து இரும்பு பீரோவின் கதவிடுக்கில் வைத்து, கதவை உதைத்தார். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. நான் கத்தியதில் மீனா எழுந்துவிட்டாள். அப்போது நாலு வயது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கட்டுப்போட வந்தவர், மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்த அதே டாக்டர். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார் கணவர். டாக்டர் தலையாட்டிவிட்டுக் கட்டுப்போட்டார். அதுவும் சரியாகப் போடவில்லை.

5

அண்ணன் சிதம்பரம் அண்ணாமலை நகரில் விரிவுரையாளர். குவார்ட்டர்ஸ் வீடு. கையில் கட்டோடும் இடுப்பில் மீனாவோடும் ரயிலேறிப் போனேன். முதல் தடவை இல்லை. இதற்கு முன்பும் போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அண்ணி பட்சணம் கட்டிக் கொடுத்து அண்ணனோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

இந்தத் தடவை அண்ணன் கொஞ்ச நேரம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிற்று. இங்கேயே இரு என்பான் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அப்புறம்தான் சொன்னான்.

"மச்சானுக்கு ஊர்ல இருக்கற பேருக்கு, யார் நம்புவாங்க ருக்கு? நீயும் மைக்ல போய் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. ரெண்டு நாள் இருந்துட்டுக் கிளம்பு, நானே கொண்டுவந்து வுடறேன்."

சிதம்பரத்தில் புதிதாக ஆரம்பித்த சங்கத்தில் அவனைச் சேர்ப்பதாக என் கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த மாதம் இரண்டு ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து தனியாக நடத்தும் இன்னொரு குடும்ப விழாவில் பேட்ஜ் குத்துவதாக ஏற்பாடு. அண்ணன் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தான். என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டான். இந்த வீட்டிலிருந்து நான் பிணமாகத்தான் வெளியே போவேன் என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகிவிட்டது. என் பயமெல்லாம் அதற்கப்புறம் மீனாவை யார் வளர்ப்பார்கள் என்பதுதான்.

6

விழா நாள் காலையில் மீனாவை அண்ணியிடம் விட்டேன். எல்லோரையும் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போனார்கள். படகில் பாட்டு, குழந்தைகளுக்கு மிட்டாய், சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு சுற்று. என் கணவர் படகோட்டியிடம் துடுப்பை வாங்கி வலித்தார், பெண்கள் எல்லாம் கைதட்டினார்கள். மதியம் சிதம்பரத்தில் சாப்பாடு, அதற்குப் பிறகு கூட்டம். மேசையில் அதே மணி, அதே சுத்தியல். கடலூரிலிருந்து காரில் கொண்டுவந்திருந்தார்.

விருந்தினர் ஒரு லேடி டாக்டர். நரைத்த தலை, நூல் புடவை, சிரிக்காத முகம். முதலுதவி பற்றிப் பேசினார். கட்டுப்போடுவதைச் செய்து காட்ட ஒரு ஆள் வேண்டும் என்றார். ஏற்கெனவே கையில் கட்டோடு தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். யாரோ விளையாட்டாக என்னைக் காட்டினார்கள். அவர் வந்து என் கட்டைப் பிரித்தார். மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். எப்படி ஆச்சு என்று என்னைத்தான் கேட்டார்.

"பாத்ரூம்ல வுழுந்துட்டா டாக்டர்" என்றார் கணவர், நாற்காலியில் இருந்தபடி.

டாக்டரம்மா மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வுழுந்தா இப்படி ஒடையாது" என்றார். அவ்வளவுதான். புதுத் துணியால் கட்டிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு ஆளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தது புகார் நேரம். உண்டியல் கிளம்பியது. சிதம்பரத்துக்காரர் ஒருவர், கடலூரில் நடந்ததைக் கேள்விப்பட்டவர், எழுந்து, தலைவர் வீட்டம்மா போன தடவை மாதிரி ஒன்று சொல்ல வேண்டும் என்றார். கூட்டம் ஆரவாரித்தது. கணவர் சிரித்தபடியே மேசைக்குக் கீழே என் உடைந்த கையைப் பிடித்து நெரித்தார். உதடு அசையாமல் சொன்னார்.

"வாயத் தொறந்து பாரு. இன்னொரு கையும் போவும்."

இன்னொரு கை மேசைமேல்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சுத்தியல் இருந்தது. எடுத்தேன், எழுந்தேன், அடித்தேன். இடது கை, பழக்கமில்லாத கை, ஆனாலும் முழு பலத்தோடு. புருவத்துக்கு மேல் சதை பிளந்து ரத்தம் கொட்டியது. பதக்கம் நனைந்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு சரிந்தார். இன்னொரு அடி ஓங்கினேன். அதற்குள் அவர் ஐயோ என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அது போதும் என்று தோன்றியது.

சுத்தியலை வைத்தேன். இடுப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு ரூபாயை எடுத்தேன். உண்டியல்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். உண்டியலில் போட்டுவிட்டு மைக்கில் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரரை நான் அடிச்சுட்டேன். ஒரு ரூபா. சாட்சி நீங்க எல்லாரும்."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

7

என் கணவரின் தலைக்குக் கட்டுப்போட்டதும் டாக்டரம்மாதான். செய்து காட்டக் கொண்டுவந்த துணி வீணாகவில்லை. தையல் போடக் காரில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் அண்ணனைப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை, அவள் இருக்கிற இடத்தில் இனி என் கால் படாது என்பதுதான்.

அடி வாங்கிக்கொண்டு போனபோதெல்லாம் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அடித்த பிறகு திருப்பி அனுப்ப முடியவில்லை, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. என் விடுதலை இவ்வளவுதான், இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. அண்ணனுக்குப் பேட்ஜ் கிடைக்கவில்லை. என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை, ஆனாலும் எனக்கும் மீனாவுக்கும் சோறு போட்டான். டாக்டரம்மா தன் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்த்துக்கொண்டு, கை தேறியதும் நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். அதற்கப்புறம் கப்பல்.

அந்த ஐப்பசியில் கடற்கரையில் ஒரு புயல் அடித்தது. நெற்றிக் காயத்தை அந்தப் புயலில் பட்டதாக்கினார்கள். மண்டபம் நிறையப் பெரிய மனிதர்கள் பார்த்திருந்தார்கள். வக்கீல், டாக்டர், பேராசிரியர். அத்தனை பேரும் பேசிவைத்துக்கொண்டு வாயை மூடினார்கள். என் கணவர் மேல்கூட எனக்கு இப்போது அவ்வளவு ஆத்திரம் இல்லை. செத்துவிட்டார். அந்த மண்டபத்தின் மேல் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மீனா வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராததால் கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். லீவு போடுகிறேன், பட்டுப்புடவை எடுத்துக்கொடுங்க அம்மா என்றாள். எனக்கு அடுப்பில் பருப்பு. அதை இறக்கி வைத்துவிட்டு, இங்கே எழுதியிருப்பதை அப்படியே சொன்னேன். நடுவில் அவள் பர்ஸைத் திறந்து அந்தப் படத்தை மேசைமேல் வைத்தாள். என் வலது மணிக்கட்டு இன்றைக்கும் கோணல்தான். சின்ன வயதிலிருந்து அவள் பிடித்துக்கொண்டு நடந்த கை. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பாத்ரூம்ல விழுந்தது இல்லைங்களா?"

"இல்ல."

ஜன்னல் பக்கம் போய் நின்று அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது, விழாவுக்கு வர முடியாது என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், போகிறேன் என்றாள். படத்தைத் தானே திறந்துவைப்பதாகவும், திறந்துவிட்டுப் பேசப்போவதாகவும் சொன்னாள். தமிழில் பேச வேண்டும், நான் சொல்லித்தர வேண்டும். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்.

"நான் பேசறப்ப நடுவுல நிறுத்திடுவாங்களா அம்மா?"

"மாட்டாங்க" என்றேன். "கெஸ்ட்டு பேசறப்ப யாரும் மணி அடிக்கக் கூடாது. உங்கப்பா போட்ட ரூலு."